முன்பாரமும் பின்பாரமும்



இழுப்பது ஒன்று, இழுபடுவது மற்றொன்று, இவ்விரண்டையும் பிணைப்பது மூன்றாவதொன்று. மாட்டு வண்டியாயினும், டிராக்டரின் பின்னே செல்லும் டிரெய்லராயினும், மேனாடுகளில் மோட்டார்க் காரின் பின்னே உருண்டு செல்லும் பயண வீடாயினும், இம்மூன்றும் அங்கே உண்டு. இழுப்பதன் வலிமையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இழுபடுவதன் சுமையைப் பற்றியும் பேசுவார்கள். பிணைப்பைப் பற்றிப் பேசுபவர் மிகச் சிலரே. ஆயினும் பயணம் அமைதியாக முடிவதும், பாதி வழியில் பெருந்துன்பமாக மாறுவதும் பெரும்பாலும் அந்தப் பிணைப்பையும், அதன்மேல் விழும் பாரத்தையும் பொறுத்தே அமைகின்றன. ஆதலின் இன்று அதனையே என் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் என்று சொன்னவுடன் உங்களுக்குக் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் சொல்லுவேன். முதலில் அவ்வூரைச் சுற்றியுள்ள சாலைகளை மனக்கண்ணால் பாருங்கள். அஃது ஏரிப்பாசன நாடு. கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற பெரிய ஏரியும், அதனைச் சூழ்ந்த சிற்றேரிகளும் வயல்களுக்கு நீரூட்டுகின்றன. அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளும் வைக்கோலும் வயலை விட்டு வீட்டுக்கும் களத்துக்கும் புறப்படுகின்றன. கரும்பு பயிரிட்டவர்கள் படாளத்திலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அதனை ஏற்றிச் செல்கிறார்கள். கோடையில் ஏரியின் வண்டல் மண் வயலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் மாட்டு வண்டிகள் சுமந்தன. இன்று பெரும்பகுதியை டிராக்டரும் அதன் டிரெய்லரும் சுமக்கின்றன. சுமக்கும் கருவி மாறியதே தவிர, சுமையின் விதி மாறவில்லை. அவ்விதியை நம் வண்டிக்காரர்கள் இரண்டே சொற்களில் அடக்கி வைத்திருந்தார்கள். முன்பாரம், பின்பாரம் என்பனவே அச்சொற்கள்.

இரட்டைச் சக்கர வண்டியின் பாரம் முழுவதையும் அச்சே தாங்குகிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு நேர் மேலே இருந்தால் மட்டுமே அவ்வாறு நிகழும். நடுப்புள்ளி அச்சுக்கு முன்னே இருந்தால் பாரத்தின் ஒரு பங்கு நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் இறங்குகிறது. இதுவே முன்பாரம். அது மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகிறது. நடுப்புள்ளி அச்சுக்குப் பின்னே போய்விட்டால் நுகத்தடி மேலே எழும்புகிறது. அப்பொழுது பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை அழுத்துகிறது. மாடு மூச்சுத் திணறுகிறது. கால் ஊன்றி இழுக்க இயலாமல் தவிக்கிறது. இதுவே பின்பாரம்.

இரண்டும் தீமையாயின், நன்மை எங்கே இருக்கிறது? சிறிதளவு முன்பாரத்தில் இருக்கிறது. நுகத்தடி கழுத்தில் அமைதியாகப் படிந்திருக்க வேண்டும், ஆனால் அழுத்தலாகாது. பழைய வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்கியபின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கையில் படும் கனமே அவருக்குத் தராசு. வழியில் வண்டி பின்னே சாய்வதாகத் தோன்றினால், "தம்பி, பின்பாரமா இருக்குது; கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருப்பா" என்பார். ஓர் ஆளின் எடை அரை முழம் நகர்ந்தாலும் மாட்டுக்கு அது தெரியும் என்பதை அவர் அறிவார்.

இவ்வறிவைக் கணக்காக மாற்றுவது எளிது. நெம்புகோல் தத்துவத்தை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு டிரெய்லரும் அதன் சுமையும் சேர்ந்து 3,000 கிலோகிராம் என்று கொள்வோம். இணைப்புக் கொக்கியிலிருந்து அச்சு வரையுள்ள தூரம் 300 சென்டிமீட்டர் என்க. பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே இருக்குமானால், கொக்கியின்மேல் இறங்கும் பாரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 300 கிலோகிராம். அதே சுமையை ஒன்றரை முழம் அளவு பின்னே தள்ளி அடுக்கியதால் நடுப்புள்ளி அச்சுக்கு 15 சென்டிமீட்டர் பின்னே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது கொக்கி கீழே அழுத்தப்படுவதில்லை. 150 கிலோகிராம் விசையால் மேலே தூக்கப்படுகிறது. மொத்தச் சுமை ஒரு கிலோகிராமும் கூடவில்லை, குறையவுமில்லை. சுமை இருக்குமிடம் மட்டுமே மாறியது. அம்மாற்றம் கொக்கியின்மீது 450 கிலோகிராம் வேறுபாட்டை உண்டாக்கிவிட்டது.

இதனை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்றை உருண்டைப் பென்சிலின்மேல், 15 என்ற குறி பென்சிலின் மேல் பொருந்துமாறு வையுங்கள். கோலின் ஒரு முனை உங்கள் விரல் நுனியில் படிந்திருக்கட்டும். சில நாணயங்களை அடுக்கி, பென்சிலுக்குச் சற்று முன்னே, அதாவது விரலின் பக்கமாக வையுங்கள். விரலில் கனம் தெரியும். பென்சிலுக்கு நேர் மேலே நகர்த்துங்கள், கனம் மறையும். சற்றுப் பின்னே தள்ளுங்கள். கோல் விரலை விட்டு எழும்பிவிடும். பென்சிலே அச்சு, விரலே கொக்கி.

சமதரையில் இவ்வளவே. மேட்டில் ஏறும்போது மற்றொரு நுட்பம் வந்து சேருகிறது. உயரமாக அடுக்கிய வைக்கோல் பாரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் நடுப்புள்ளி அச்சுக்கு மேலே 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்போம். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி ஏறும்போது, அந்த நடுப்புள்ளி அச்சை நோக்க ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பின்னே சாய்ந்துவிடுகிறது. தரையில் 10 சென்டிமீட்டர் முன்பாரமாக இருந்த வண்டி ஏற்றத்தில் முன்பாரமே இல்லாத வண்டியாகிவிடும். இன்னும் சற்றுச் செங்குத்தான ஏற்றமாயின் பின்பாரமாகிவிடும். வண்டிக்காரர் ஏற்றத்தில் ஏர்க்காலின்மேல் முன்னே நகர்ந்து அமர்வதும், இறக்கத்தில் பின்னே நகர்வதும் இக்காரணம் பற்றியே. அவர் தம் உடம்பையே திருத்தும் எடையாகப் பயன்படுத்தினார்.

மாட்டின் கழுத்தில் விழும் இச்சுமையைக் கற்றவர்களும் ஆராயாமல் விடவில்லை. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய என். எஸ். ராமசுவாமி அவர்கள், மாட்டு வண்டியைத் திருத்தியமைத்து மாடுகளின் துன்பத்தைக் குறைக்க வேண்டுமென்று 1970-களிலும் 1980-களிலும் இடைவிடாது வற்புறுத்தி வந்தார். நாட்டின் பெரும் போக்குவரத்துச் சாதனம் ஒன்றை விஞ்ஞானம் கவனியாமல் விட்டதே என்பது அவர் கவலை. நுகத்தடியின் வடிவமும், சக்கரத்தின் வகையும், பாரத்தின் அமைப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நாடு உணர அவர் உழைத்தார்.

இனி டிராக்டருக்கு வருவோம். மாட்டுக்கு வாயில்லை, எனினும் கழுத்துப் புண்ணால் அது தன் துன்பத்தைச் சொல்லிவிடுகிறது. யந்திரமோ இறுதி நொடி வரையில் ஒன்றும் சொல்லாது. ஆதலின் யந்திரத்தை ஓட்டுபவன் கணக்கறிந்தவனாக இருத்தல் மேலும் இன்றியமையாதது.

டிராக்டரில் பாரத்தின் இடம் மட்டுமன்றிக் கொக்கியின் உயரமும் முக்கியம். ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 2,000 கிலோகிராம் எடையுள்ள டிராக்டர் ஒன்று. அதன் முன்சக்கரங்கள்மேல் 700 கிலோகிராம் நிற்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 200 சென்டிமீட்டர் தூரம். கொக்கி பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னே அமைந்துள்ளது. நாம் முன்னே கண்ட 300 கிலோகிராம் அதன்மேல் இறங்குகிறது. இதனால் மட்டும் முன்சக்கரங்கள் 90 கிலோகிராம் இழக்கின்றன. டிரெய்லரை இழுக்க 600 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை வேண்டியிருக்கிறது என்க. கொக்கி தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அவ்விழுப்பு முன்சக்கரங்களிலிருந்து மேலும் 120 கிலோகிராமை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 490 கிலோகிராம். டிராக்டர் சொன்னபடி திரும்பும். அதே கொக்கி 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தாலோ, இழுப்பு எடுத்துக்கொள்வது 270 கிலோகிராம். மிஞ்சுவது 340 கிலோகிராம்.

இப்பொழுது டிரெய்லரின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். ஓட்டுபவர் விசையைக் கூட்டுகிறார். இழுப்பு இரட்டிப்பாகி 1,200 கிலோகிராம் ஆகிறது. தாழ்ந்த கொக்கியில் முன்சக்கரங்கள்மேல் இன்னும் 370 கிலோகிராம் இருக்கும். உயர்ந்த கொக்கியில் எஞ்சுவது வெறும் 70 கிலோகிராம்; ஓர் ஆளின் எடை. அந்நிலையில் ஒரு சிறு மேடோ, கிளச்சைச் சட்டென்று விடுதலோ போதும். டிராக்டர் குதிரையைப்போல் முன்காலைத் தூக்கிவிடும். பின்னோக்கிக் கவிழும் டிராக்டர் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கவிழ்ந்து முடிகிறது. மீட்க இயலாத நிலையை அதில் பாதி நேரத்திலேயே அடைந்துவிடுகிறது. மனிதன் அபாயத்தை உணர்ந்து காலை அசைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆதலின் இங்கே சாமர்த்தியத்தால் தப்பலாம் என்பது வீண் எண்ணம். முன்கூட்டிச் செய்யும் ஏற்பாடு ஒன்றே காக்கும்.

இந்த அபாயத்தை ஆராய்ந்து வழி கண்டவர்களுள் தலைசிறந்தவர் ஹாரி பெர்குசன். அவர் 1884-ல் அயர்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்து டிராக்டர்களில் கலப்பையைச் சங்கிலியாலோ கொக்கியாலோ பின்னே மாட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு கல்லில் சிக்கினால் சக்கரம் சுழல முடியாமல், டிராக்டரின் உடலே பின்னச்சைச் சுற்றி எழும்பி ஓட்டுபவர்மேல் கவிழ்ந்தது. பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. கலப்பை சிக்கும்போது மேற்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளுமாறு அமைத்தார். கவிழ்க்க வந்த விசையே காக்கும் விசையாக மாறிற்று. இவ்வமைப்புடைய டிராக்டர் 1936-ல் விற்பனைக்கு வந்தது. ஹென்றி போர்டோடு சேர்ந்து 1939-ல் வெளியிட்ட டிராக்டர் அதனை உலகறியச் செய்தது. 1953-ல் பெர்குசன் கம்பெனி மாசி ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. அதுவே பின்னர் மாசி பெர்குசன் ஆயிற்று. அக்கம்பெனியின் ஒத்துழைப்போடு 1960-ல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. ஆகவே, அயர்லாந்து வயலில் ஓர் உழவர் மகன் கண்ட பிணைப்பு, சென்னை வழியாக நம் ஊர் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது எனலாம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மூன்று புள்ளிப் பிணைப்பு கலப்பைக்கு உரியது. டிரெய்லரை அதற்கென்று தாழ அமைந்த இழுவைக் கொக்கியிலேயே மாட்டுதல் வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கச் சங்கிலியை மேற்கையின் துளையிலோ, பின்னச்சுக்கு மேலேயோ கட்டுபவர் பெர்குசன் போக்கிய அபாயத்தைத் தாமே மீண்டும் வரவழைத்துக்கொள்கிறார்.

இறக்கத்திலும் ஓர் அபாயம் உண்டு. நம் நாட்டில் ஓடும் டிராக்டர்களுள் மிகப் பலவற்றில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. டிரெய்லருக்கோ பல இடங்களில் பிரேக்கே இருப்பதில்லை. பின்பாரம் கொக்கியை மேலே தூக்கினால், பிரேக் பிடிக்க வேண்டிய அந்தப் பின்சக்கரங்களே தரையின் பிடியை இழக்கின்றன. பின்னிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. டிராக்டர் குறுக்கே திரும்பி, இரண்டும் மடக்குக் கத்தியைப்போல் மடங்கிக்கொள்கின்றன. வயலில் குறுகத் திரும்புவதற்காக டிராக்டரில் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தனித்தனிப் பிரேக் மிதி வைத்திருக்கிறார்கள். சாலைக்கு வந்தவுடன் அவ்விரு மிதிகளையும் இணைக்கும் தாழைப் போட்டுவிட வேண்டும். போடாமல் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால், சாலையிலும் வண்டி வயலில் திரும்புவதுபோல் திரும்பிவிடும்.

டிராக்டர் மெல்லச் செல்வது. விரைந்து செல்லும் வாகனத்தின் பின்னே இரட்டைச் சக்கர டிரெய்லரை மாட்டும்போது வேறொரு தொல்லை தோன்றுகிறது. அதுதான் வாலாட்டம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டிலும் அடுப்பும் அலமாரியும் அமைந்த சிறு வீட்டைக் காரின் பின்னே இழுத்துக்கொண்டு மக்கள் ஊர் சுற்றுகிறார்கள். பக்கக் காற்றோ, விரைந்து கடக்கும் லாரியோ அவ்வீட்டை ஒரு புறம் தள்ளுகிறது. டயர்கள் அதனை நேர்வழிக்குத் திருப்புகின்றன; அது நேர்வழியைக் கடந்து மறுபுறம் செல்கிறது; மீண்டும் திரும்புகிறது. ஊஞ்சலைப்போன்ற இந்த ஆட்டம் வேகம் குறைவாயின் தானே அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகிறது, முடிவு கவிழ்தலே. பாரம் பின்னே இருந்தால் அந்த அபாய வேகம் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. ஓடும் பட்டையின்மேல் சிறு மாதிரி வண்டியை வைத்து இதனைச் செய்து காட்டுவதுண்டு. எடையை முன்னே வைத்து விரலால் தட்டினால் வண்டி இரண்டொரு முறை ஆடி நேராகிறது. அதே எடையைப் பின்னே வைத்துத் தட்டினால் ஆட்டம் வளர்ந்து, நொடிப்பொழுதில் எல்லாம் தாறுமாறாகிறது.

ஆதலின் அமெரிக்காவில் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரையில் கொக்கியில் இறங்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். கார்களும் கொக்கிகளும் சிறியனவாக உள்ள பிரிட்டனில் ஏறத்தாழ 5 முதல் 7 பங்கு என்கிறார்கள். எண் வேறாயினும் பொருள் ஒன்றே: நம் வண்டிக்காரர் கையால் தூக்கிப் பார்த்த அந்தச் சிறு முன்பாரம்.

முன்பாரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை டிராக்டரில் கண்டோம். காரிலும் அப்படியே. கொக்கியில் 200 கிலோகிராம் இறங்கினால், கொக்கி பின்னச்சுக்கு 120 சென்டிமீட்டர் பின்னே இருக்க, சக்கரங்களிடையே 300 சென்டிமீட்டர் தூரமுள்ள காரில் முன்சக்கரங்கள் 80 கிலோகிராம் இழக்கும். பின்சக்கரங்கள் 280 கிலோகிராம் கூடுதலாகச் சுமக்கும். காரின் பின்புறம் தாழ்கிறது. விளக்கொளி சாலையை விட்டு மரக்கிளைகளில் விழுகிறது. ஸ்டியரிங் கையில் இலேசாகிறது. இதற்குப் பரிகாரமாக வந்ததே பாரம் பகிரும் கொக்கி. கொக்கியிலிருந்து டிரெய்லரின் சட்டத்தை நோக்கி இரண்டு வில்விசைத் தண்டுகள் நீண்டிருக்கும். அவற்றின் முனைகளைச் சங்கிலியாலோ தாங்கியாலோ இறுக்கி மேலே தூக்கி மாட்டுவார்கள். கட்டட வேலையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் கைப்பிடிகளைத் தூக்கியவுடன் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறதன்றோ? அதுபோல இத்தண்டுகள் பாரத்தின் ஒரு பங்கைக் காரின் முன்சக்கரங்களுக்கும், மற்றொரு பங்கை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன.

இதனைத் திருத்தும் முறையில் மாணவர்களாகிய நீங்கள் கற்கத்தக்க பாடம் ஒன்று இருக்கிறது. சமதரையில் காரைத் தனியே நிறுத்தி, முன்சக்கரத்தின் மேல் வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறார்கள். பின்னர், சுமை ஏற்றிய டிரெய்லரைத் தண்டுகள் இல்லாமல் மாட்டி மீண்டும் அளக்கிறார்கள், முன்புறம் உயர்ந்திருக்கும். அதன்பின் தண்டுகளைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, உயர்ந்த முன்புறம் வாகனம் செய்தவர் குறித்த அளவுக்குத் தாழும் வரையில் திருத்துகிறார்கள். டிரெய்லர் முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக நிற்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மிகுதியாக இறுக்குவதும் தவறே, பின்சக்கரங்கள் பிடியிழக்கும். எவ்வளவு இறுக்கினாலும் இக்கருவி பின்பாரத்தை முன்பாரமாக மாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். சுமையை முறையாக அடுக்காதவனுக்கு எந்தக் கருவியும் துணை செய்யாது.

வாலாட்டம் தொடங்கிவிட்டால் என் செய்வது? பிரேக்கைச் சட்டென்று மிதிக்கலாகாது. ஸ்டியரிங்கை இப்புறமும் அப்புறமும் திருப்பி ஆட்டத்தோடு போட்டியிடலாகாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வேகம் குறைந்ததும் ஆட்டம் அடங்கும். பிறகு ஓரத்தில் நிறுத்திச் சுமையை முன்னே நகர்த்திய பின்னரே புறப்பட வேண்டும்.

மேனாட்டுப் பயண வீடுகள் நம் சாலைகளில் அரியன. ஆனால் அவற்றில் கண்ட முறை நம் டிரெய்லருக்கும் பொருந்தும். உங்கள் இல்லத்தில் டிராக்டர் இருக்குமாயின், புறப்படுமுன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கனமான மூட்டைகள் அச்சுக்குச் சற்று முன்னும், தாழவும் இருக்கின்றனவா? கொக்கியில் செருகிய ஆணி தேய்ந்திருக்கிறதா? அது மேலே நழுவாதபடி பூட்டு ஊசி போட்டிருக்கிறதா? வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ, அப்படியே இதற்கு அப்பூட்டு ஊசி. ஆணி முறிந்தாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி காப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா? பின்புறத்தில் சிவப்பு ஒளிவாங்கியும் விளக்கும் உள்ளனவா? இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களையும், திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் செல்லும் குடும்பங்களையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. சட்டம் இதனை அனுமதிப்பதில்லை. சட்டத்துக்கு முன்னே நெம்புகோல் தத்துவமும் இதனை அனுமதிப்பதில்லை. நெல் மூட்டை வைத்த இடத்தில் இருக்கும்; மனிதர் இருக்கமாட்டார். ஒரு திருப்பத்தில் எல்லோரும் ஒரு புறம் சாய்வர். வேடிக்கை பார்க்கப் பின்பலகை ஓரத்துக்கு நகர்வர். பாரத்தின் நடுப்புள்ளி நொடிக்கு நொடி மாறிக்கொண்டேயிருக்கும். பதினைந்து பேர் இரண்டடி பின்னே நகர்ந்தால் கொக்கியில் என்ன நிகழும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், தடுத்து நிறுத்தப் பிரேக்கும் இல்லாத அந்தப் பெட்டியில், நம் வீட்டுத் தாயும் அக்காளும் தங்கையும் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கணக்கறிந்த நீங்கள் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் செவிசாய்ப்பார்கள்.

தொடக்கத்தில் குறித்த கல்வெட்டுக்கு இப்பொழுது வருகிறேன். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919-ஆம் ஆண்டில் ஊர்ச் சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை வகுத்தார்கள். இரண்டே ஆண்டுகள் சென்றபின், 921-ல் அம்முறையைத் திருத்தி மற்றொரு கல்வெட்டுப் பொறித்தார்கள். முதலில் வகுத்ததை நடைமுறையில் வைத்துப் பார்த்து, குறை கண்ட இடத்தில் திருத்தினார்கள்; திருத்தியதை எல்லோரும் அறியக் கல்லில் எழுதினார்கள். அளந்து பார்த்தல், திருத்துதல், மீண்டும் அளத்தல் என்னும் இவ்வொழுக்கம் ஆட்சிக்கு மட்டும் உரியதன்று. ஒரு கொக்கியைச் சரியான உயரத்தில் வைப்பதற்கும் அதுவே வழி.

நண்பர்களே, வலிமை மிகுந்த யந்திரங்கள் நாளுக்கு நாள் நம் ஊர்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நாற்பது குதிரைத்திறன் உள்ள டிராக்டர் நிற்குமிடத்தில் நாளை அறுபது குதிரைத்திறன் உள்ளது நிற்கும். வலிமை கூடுமளவுக்குப் பிணைப்பைப் பற்றிய அறிவும் கூட வேண்டும். பாரத்தை எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் பிணைப்பது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே விசையைக் கூட்ட வேண்டும். சிறிதளவு முன்பாரம், தாழ்ந்த பிணைப்பு, அளந்த வேகம் ஆகிய இம்மூன்றையும் போற்றுங்கள். சுமையும் வீடு சேரும். சுமந்து வருபவரும் வீடு சேருவார்.